மணி அடித்தவரின் பெயர்

1

திருநாள் முடிந்து ஒரு வாரமாகிறது. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. கோபத்தை வெளியே காட்டத் தெரியாதவன் நான். கூட்டத்தில் எழும்பிப் பேசு என்றால் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் எங்கள் தீவுச் சனம் ஒவ்வொரு ஆடி மாதமும் ஊர்க் கோயிலின் பாதுகாவலரான யாகப்பரின் திருநாளை இங்கே கொண்டாடுகிறது. சீசா என்ற பகுதியில் இருக்கும் ஓர் இத்தாலியக் கோயிலின் குருவானவர் ஒரு ஞாயிறு பின்னேரத்தை எங்களுக்கு விட்டுத்தருகிறார். ஊரில் கொடியேற்றம், நவநாள், வெஸ்பர் என்ற மாலைச் செபம், சுரூபம் சுற்றிவருதல் என்று பத்து நாள் நடந்ததை இங்கே ஒரு பின்னேரத்துக்குள் முடித்து, இருக்கை வாங்குகளைத் துடைத்து, கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த முறை ஒரு சிறப்பு மலர் அச்சிடுவதென்று திருநாள் சபையார் முடிவெடுத்தார்கள். அதில் எங்கள் பங்கின் வரலாறு இருக்க வேண்டும் என்றார்கள். போரில் இடம்பெயர்ந்தபிறகு ஊரில் சனம் இல்லை. கோயிலுக்குக் கூரை இல்லை. ஞானஸ்நானப் பதிவேடுகள் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கட்டும் என்றுதான் அந்த யோசனை வந்தது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பங்கு வரலாறு எழுதும் ஓர் ஆங்கிலேய அம்மாவிடம் நான் வேலை செய்கிறேன் என்பதே அதற்குக் காரணம்.

மலர் வந்துவிட்டது. அட்டையில் யாகப்பர் குதிரையில் இருக்கிறார். உள்ளே காணி கொடுத்தவர், கூரை போட்டவர், கொடிமரம் நட்டவர் எல்லோரும் இருக்கிறார்கள். அதற்கடுத்த பக்கத்தில் வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் கடையொன்றின் விளம்பரம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒருவரைப் பற்றி நான் எழுதிய நான்கு வரி இருந்திருக்க வேண்டும்.

2

அந்த ஆங்கிலேய அம்மா, சிஞ்ஞோரா மார்கரெட்டுக்கு எண்பது வயதுக்குக் கிட்ட. பலெர்மோ வழக்கறிஞர் ஒருவரைக் கலியாணம் கட்டி இளவயதில் இங்கே வந்தவர். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் மிலானோவில் இருக்கிறார்கள். சமைக்க, வீடு துடைக்க, கடைக்குப் போக என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார். சில நாள் கழிந்து ஒரு கடதாசிக் கட்டை மேசையில் வைத்து, ஆங்கிலம் வாசிப்பாயா என்று கேட்டார். பத்தாம் வகுப்பு வரை படித்தேன் என்றேன். எழுத்துத் தெரிந்தால் போதும் என்றார்.

அவருடைய ஊர் இங்கிலாந்தின் கிழக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு கோயில், ஒரு கற்பாலம், இரண்டு பெரிய பண்ணை, மிச்சமெல்லாம் கூலிக்காரரின் சிறு வீடுகள். அந்தப் பங்கின் வரலாற்றையும் அதன் குடும்பங்களின் வரலாற்றையும் அவர் பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார். கோயிலின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்து அவருடைய சகோதரி மகன் தபாலில் அனுப்புகிறான். சிஞ்ஞோராவுக்குக் கண் மங்கிவிட்டது. நான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வேன். அவர் அதைச் சொல்லாக்குவார். பிறகு நான் அதைச் சின்ன அட்டையில் எழுதி, குடும்பம் குடும்பமாகப் பெட்டிகளில் அடுக்குவேன். காலையில் நிலம் துடைப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு நீங்கள் இங்கிலாந்தில் செத்தவர்களைத் துடைக்கிறீர்கள் என்று என் மனைவி சொல்லுவாள்.

அந்தப் பங்கில் பாரோ என்றொரு பண்ணைக் குடும்பம், டன்ஸ்டன் என்று இன்னொன்று. கோயிலில் முன் வாங்கு யாருக்கு என்று இரண்டுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. ஒரு ஞாயிறு டன்ஸ்டன் வீட்டுப் பெண்கள் நேரத்தோடு வந்து அந்த வாங்கில் இருந்துவிட்டார்களாம். பாரோ வீட்டார் வேறு வாங்கில் இருக்க மறுத்து, பிரசங்கம் முடியும்வரை நடுவழியில் நின்றார்களாம். நான் சிரித்துவிட்டேன். ஏன் என்று சிஞ்ஞோரா கேட்டார். சுரூபத்தை வைத்துத் தூக்கும் கூட்டின் வலது முன்தண்டை எந்த வட்டாரம் தூக்குவது என்ற சண்டையில், எங்கள் யாகப்பர் ஒரு வருடம் கோயிலை விட்டு வெளியே வரவேயில்லை என்றேன்.

"யார் யார்? பெயர்?" என்றார் உடனே.

பெயர் கேட்பது அவருக்கு ஒரு பிடிவாதம். ஒருநாள் பதிவேட்டில், வழியில் இறந்து கிடந்த ஒரு பெண் அடக்கம் செய்யப்பட்டாள் என்று மட்டும் இருந்தது. பெயர் என்றார். இல்லை என்றேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார் என்றார். இல்லை. இருநூறு வருடத்துக்கு முந்திய அந்தக் குருவானவரை, பக்கத்து வீட்டுக்காரரை ஏசுவதுபோல ஏசினார். அன்றைக்கு அதற்குமேல் வேலை நடக்கவில்லை.

இரண்டு பண்ணைக்காரருக்கும் இருப்பதுபோலவே, அந்தக் கோயிலில் மணி அடித்துக் குழி வெட்டிய குடும்பத்துக்கும் அவரிடம் ஒரு முழுப்பெட்டி இருக்கிறது. அப்பன், மகன், பேரன் என்று வரிசையாக. அதை அடுக்கும்போதுதான் எனக்கு எங்கள் ஊர் மணியப்பா நினைவுக்கு வந்தார்.

3

ஊரில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். கோயிலுக்குப் பின்னால் கொட்டில். மூன்று வேளையும் மணி. சாவு என்றால் ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம், பிள்ளைக்குச் சின்ன மணி. கடலில் நிற்பவர்கள்கூடக் கேட்டு, ஊரில் செத்தது எவர் என்று கணக்குப் போடுவார்கள். இடம்பெயர்ந்த வருடம் அவர் ஒரு பள்ளிக்கூட முகாமில் இறந்தார். அந்த ஊர்க் குருவானவரும் அப்போது எங்கோ இடம்பெயர்ந்திருந்தார். எந்தப் பதிவேட்டிலும் அந்த அடக்கம் ஏறவில்லை.

அவருடைய ஒரே மகன் அதற்கு முன்பே கடலில் போய்விட்டான். மகனின் மனைவி பிலோமினா அக்கா இங்கே பலெர்மோவில், தங்கை மகளோடு இருக்கிறார். நகரின் ஓரத்தில், கடற்கரையில் இருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. பிள்ளைகள் இல்லை. மலர் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பூசை முடிந்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீதானே எழுதுறாய்? எங்கடை மாமாவையும் அதிலை ஒரு மூலையிலை போட்டுவிடு. வேறை ஒரு இடத்திலையும் அவர் இல்லை."

போடுகிறேன் அக்கா என்றேன். கேட்டது அவ்வளவுதான். எனக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை.

கூட்டம் மரியதாஸ் மாஸ்டர் வீட்டில் நடந்தது. மாஸ்டர் ஊரில் படிப்பித்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறார். திருநாள் சபையின் தலைவர் அவர்தான். சீசாவில் மூன்றாம் மாடி. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தும் காற்று இல்லை. நான் எழுதியதை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை வாசித்தார்.

"அருள், வடிவா எழுதியிருக்கிறாய். ஆனா இந்தக் கடைசிப் பந்தி தேவையில்லை."

"ஏன் மாஸ்டர்?"

"அவர் கோயில் வேலைக்காரரெல்லே. சம்பளத்துக்கு அடிச்சவர். காணி குடுத்தவை, கூரை போட்டவையின்ரை பேருக்குப் பக்கத்திலை கொண்டுபோய்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. யார் எந்த வாங்கில் இருப்பது, யார் பின்னால் நிற்பது என்பதைக் கடல் தாண்டி வரும்போது உடுப்பைவிடப் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். இங்கே எல்லோரும் யாரோ ஒரு சிஞ்ஞோராவின் கக்கூஸ் கழுவுகிறோம். ஆனால் மலர் என்று வந்தால் வரிசை வேண்டும்.

மீன் சந்தையில் வேலை செய்யும் பெஞ்சமின் மூலையிலிருந்து சொன்னான்: "மாஸ்டர், உங்கடை ஐயா செத்ததுக்கும் மணியப்பாதானே அடிச்சவர். அதுவும் சம்பளத்துக்குத்தானோ?"

"உனக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்லை மாஸ்டர். அண்டைக்கு நல்லா அடிச்சவர். எங்கடை வீட்டு நாய்கூட அழுதது."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நாலு வரி எண்டால் விடுவம். ஆனா மணியப்பா எண்டு போடேலாது. மற்ற எல்லாருக்கும் முழுப்பேர் போட்டிருக்கு. அவற்றை பேர் என்ன?"

ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் ஊர். அத்தனை பேரின் வீட்டுச் சாவுக்கும் அவர் மணி அடித்திருக்கிறார்.

"பேர் மணியப்பாதானே?" என்றார் ஒருவர்.

"ஓமோம், சுவாமியார் தலையிலை தண்ணி ஊத்தேக்கையே மணியப்பா எண்டு கூப்பிட்டுத்தான் ஊத்தினவர்" என்றான் பெஞ்சமின்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தில் மணி அடித்த ஏழு பேரின் பெயரை வரிசையாகச் சொல்லக்கூடியவன் நான்.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கிறன். அதுக்கு முதல் பேரோடை வா" என்றார் மாஸ்டர்.

4

அந்த வாரத்தில்தான் நான் குவெஸ்தூராவுக்குப் போக வேண்டியிருந்தது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே பொலிஸ் அலுவலகம், அதே வரிசை, அதே கேள்வி. உன் குடும்பப் பெயர் இது, உன் மகளின் குடும்பப் பெயர் வேறு, அப்படியென்றால் இவள் யாருடைய மகள்? எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனின் பெயரைத்தான் பின்னால் போடுவோம் என்று போன முறையும் சொன்னேன், அதற்கு முந்திய முறையும் சொன்னேன். என் இத்தாலி மொழி அந்தக் கண்ணாடித் துவாரத்துக்கு முன்னால் போனதும் கரைந்துவிடும்.

மகள் டிலானியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பதினைந்து வயது. பலெர்மோச் சந்தைக்காரி போலக் கையை ஆட்டிப் பேசினாள். அலுவலர் சிரித்து, முத்திரை குத்திவிட்டார். எனக்கு நிம்மதியும் வந்தது, அதோடு வெட்கமும் வந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மணியப்பாவின் பெயர் தெரியாத கதையைச் சொன்னேன்.

"தெரியாட்டி விடுங்கோ அப்பா. கி செ நே ஃப்ரேகா" என்றாள். அதனால் யாருக்கு என்ன என்று அர்த்தம். இங்கே பிள்ளைகள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் சொல்.

"அப்பிடிச் சொல்லாதை. உன்ரை அப்பப்பாவின்ரை பேர் உனக்குத் தெரியுமோ?"

"அப்பப்பா."

"அது பேர் இல்லை."

"எனக்கு அவர் அப்பப்பாதானே. நீங்கள் எப்பவாவது பேர் சொன்னனீங்களே?"

நான் வெளியே பார்த்தேன். என் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயர்தான் இருக்கிறது, சற்று முன்னர் அந்த அலுவலர் அதை வாசித்துச் சிக்கித் திணறியபோது அவள் பக்கத்திலேதான் நின்றாள் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்துதான் அது தோன்றியது. எனக்கு எல்லாப் பதிலும் வீட்டுக்கு வந்துதான் தோன்றும்.

5

வியாழன் சிஞ்ஞோராவிடம் அரைநாள் லீவு கேட்டேன். காரணம் சொன்னேன். போ, பெயரில்லாமல் திரும்பி வராதே என்றார்.

ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய் இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. கடையின் பின்வாசலில் பிலோமினா அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து கணவாய் மீன் துப்புரவு செய்துகொண்டிருந்தார். கை முழுவதும் கறுப்பு மை.

"அக்கா, மாஸ்டர் ஓமெண்டிட்டார். நாலு வரி போடலாம். மணியப்பாவின்ரை சொந்தப் பேர் மட்டும் வேணும்."

அவருடைய முகம் மலர்ந்து, உடனேயே சுருங்கியது.

"மாமாவின்ரை பேரை நான் எப்பிடித் தம்பி சொல்லுறது?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனின் பெயரையும் மாமனாரின் பெயரையும் வாயால் சொல்வதில்லை. என் அம்மாவும் சொன்னதில்லை. இங்கே வந்தபிறகு அப்படி ஒரு வழக்கம் இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

"இஞ்சை ஆர் அக்கா கேக்கிறது? எல்லாரும் இத்தாலிக்காரர்."

"நான் கேப்பன்தானே."

"அப்ப எழுதித் தாங்கோ."

"வாயாலை சொல்லாததைக் கையாலை சொல்லலாமோ? என்ன கதை கதைக்கிறாய்."

"தங்கச்சியின்ரை மகளுக்குத் தெரியாதோ?"

"அவளுக்கும் அவர் மணியப்பாதான்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. குவெஸ்தூராவில் விழுங்கியது, மாஸ்டர் வீட்டில் விழுங்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. "நீங்கள்தான் போடச் சொன்னனீங்கள். உலகத்திலை அந்தப் பேர் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான். நீங்களும் சொல்லாட்டி அது உங்களோடை போயிடும். அப்ப மாஸ்டருக்குத்தான் சந்தோசம்!" என்று கத்திவிட்டேன். உள்ளே சட்டி கழுவிய பையன் எட்டிப் பார்த்தான்.

அக்கா வாளியை விட்டு எழும்பினார். கணவாயை மூடிவைத்தார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வா" என்றார்.

கொஞ்சத் தூரத்தில் ஒரு கோயில். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அக்கா சுரூபங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒன்றுக்கு முன்னால் நின்றார். கையில் பாலகன், மற்றக் கையில் லீலிப் பூ.

"இவற்றை பேர்தான்" என்றார் மெல்ல.

"அந்தோனியோ?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தோனியாருக்குத் தாடி இருக்கே? வேதம் படிச்சனியோ இல்லையோ?"

நிமிர்ந்து பார்த்தேன். தாடி இருந்தது.

"சூசையப்பர்."

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "ம்" என்றார். "ஆனா அது பாதிதான்."

"மிச்சம்?"

அதற்கு அங்கே சுரூபம் இல்லை. அக்கா யோசித்தார். இரண்டு கையாலும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சங்கிலியா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். மணியா என்றேன். "கடலுக்கை, கடலுக்கை" என்றார். மன்னார்ப் பக்கத்தில் முந்தி அதற்குச் சுழியோடினார்கள் என்றார். முன்வாங்கில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த சிசிலிக் கிழவி ஒருத்தி திரும்பி எங்களை முறைத்தாள்.

"முத்து! சூசைமுத்துவோ அக்கா?"

அவர் பதில் சொல்லாமல் முழந்தாளிட்டார். நான் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

6

வியாழன் பின்னேரமே மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயரைச் சொன்னேன்.

"சூசைமுத்துவோ? இவ்வளவு காலமும் எனக்குத் தெரியேல்லை பார்" என்றார். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, "அச்சுக்காரன் நேற்றே வந்து எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு போட்டான், அருள். ஒரு விளம்பரமும் வந்தது. பக்கம் சரியாப் போச்சு" என்றார்.

"வெள்ளிக்கிழமை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"சொன்னனான்தான். என்ன செய்யிறது? வாற வருசம் பாப்பம்."

சரி மாஸ்டர் என்று வைத்துவிட்டேன். சரி இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. மனைவி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஒன்றுமில்லை என்னை இரவு முழுவதும் தின்றது.

மறுநாள் சிஞ்ஞோராவுக்குச் சொன்னேன். அந்தப் பழைய குருவானவரை ஏசியதுபோலவே மாஸ்டரையும் ஏசினார். மாஸ்டர் பாவம், மோசமான ஆள் இல்லை என்றேன். அந்தக் குருவானவரும் மோசமான ஆள் இல்லை, அதனால் அந்தப் பெண்ணுக்குப் பெயர் வந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு, "அச்சடிக்க உலகத்தில் வேறு இடமே இல்லையா?" என்றார்.

அதனால்தான் இதை எழுதி, நாட்டில் அச்சாகும் உங்கள் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

7

திருநாளன்று பூசை முடிந்து மலரைப் பங்கிட்டார்கள். சனம் தன் தன் குடும்பத்தைத் தேடிப் புரட்டியது. ஒருவர் தன் பாட்டனாரின் பெயருக்கு முன்னால் திரு போடவில்லை என்று மாஸ்டரோடு வாசலில் நின்று சண்டை பிடித்தார். டிலானியும் மற்றப் பெட்டைகளும் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, மலரை விசிறியாக்கிக்கொண்டார்கள்.

பிலோமினா அக்கா கடைசி வாங்கில் தனியே இருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்தார். விளம்பரம் வந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு திரும்பி வந்து அந்த விளம்பரத்தையும் முழுக்க வாசித்தார். ஒருவேளை அதற்குள் இருக்குமோ என்று பார்த்தார் போல.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"போடேல்லை" என்றார்.

"பிந்திப்போச்செண்டு சொல்லிப்போட்டினம் அக்கா."

"நீ எழுதினது எங்கை?"

சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "எனக்குத் தராதை. நான் அதை வாசிக்கேலாது. நீ வாசி, கேப்பம்" என்றார்.

வாங்கு துடைக்க வந்தவர்கள் வாளியோடு முன்னால் இருந்து வந்துகொண்டிருந்தார்கள். திறப்புக் கொடுக்க நேரமாகிவிட்டது என்று மாஸ்டர் கையைத் தட்டினார். நான் தாளை விரித்தேன்.

"எங்கள் கோயிலில் மணி அடித்தவர் சூசைமுத்து."

மாமனார் எதிரே வந்துவிட்டதுபோல அக்கா எழும்பி நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, வாங்கை விட்டு ஓரமாக ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூன்று வேளைச் செபத்துக்கும், ஊரின் ஒவ்வொரு சாவுக்கும் அவரே மணி அடித்தார். ஆண், பெண், பிள்ளை என்று அந்தச் சத்தத்திலேயே ஊர் அறிந்தது. இறந்தவர்களுக்குக் குழி வெட்டியவரும் அவரே. இடம்பெயர்ந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறந்தார். அங்கே மணி இருக்கவில்லை."

வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். துடைக்கிறவர்கள் எங்கள் வாங்கைத் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்கள். வாங்கில் இருங்கோ அக்கா என்றேன். அவர் இருக்கவில்லை.